துரைக்கல்லின் மேல்வரி

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது சர்க்கார் சொத்து ஒன்றைப் பாழாக்கினேன். நான் இதைச் சொல்லச் சொல்ல, எழுதிக்கொண்டே சிரிக்கிறாள் என் பேத்தி. சிரிக்கட்டும். எனக்குக் கையெழுத்து வராது, பெருவிரல்தான். பஸ்ஸுக்கு நின்றால் வண்டியின் நிறத்தைப் பார்த்துப் பாதி, கண்டக்டரைக் கேட்டுப் பாதி என்று ஏறுகிறவள். அப்படிப்பட்ட நான் போய் எழுத்தை அழித்தேன் என்றால் சிரிப்பு வரத்தான் வரும். ஆனால் அந்த ஐந்தாறு நாளும் எனக்குச் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

பெரிய காஞ்சிபுரத்தில், ஏகாம்பரநாதர் கோபுரம் தெரிகிற தறிக்காரத் தெரு எங்களுடையது. பெரிய ரோட்டிலிருந்து தெருவுக்குள் திரும்புகிற முனையில் என் மார்பு உயரத்துக்கு ஒரு கருங்கல் நிற்கும். துரைக்கல் என்று பெயர். வெள்ளைக்காரத் துரை ஒருவன் நட்டது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஏன் நட்டான் என்பதில்தான் வீட்டுக்கு ஒரு கதை. ரோட்டைப் பார்த்த முகத்தில் மூன்று வரி இங்கிலீஷ் வெட்டியிருந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர் தெருவில் ஒருத்தரும் இல்லை. அதனால் கதைக்குக் குறைவும் இல்லை.

சித்தப்பா சொல்வது இது. துரை ஒருநாள் விடிகாலையில் சாரட்டில் எங்கள் தெருவுக்குள் வந்தான். தெருவில் நீட்டியிருந்த பாவு நூலில் குதிரைக்குக் கால் சிக்கியது. துரை வெள்ளைக் கால்சட்டையோடு சாக்கடையில் விழுந்தான். 'இனிமேல் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன்' என்று கல்லில் எழுதி நட்டுவிட்டுப் போனான். சித்தப்பா இதைச் சொல்லும்போது துரை விழுகிற இடத்தில் அவரும் ஒருதரம் விழுந்து காட்டுவார். அத்தையின் கதையில் சாக்கடை கிடையாது. துரைசானிக்குப் பிள்ளை இல்லை. காமாட்சிக்கு எங்கள் தெருப் பட்டைச் சாத்தி வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிறந்தது. அந்த நன்றிக்குக் கல். பிறந்தது ஆண் என்று ஒரு தரமும் பெண் என்று ஒரு தரமும் சொல்வாள். கேட்டால், வெள்ளைக்காரங்களுக்கு இன்னா, ரெண்டும் பொறந்திருக்கும் என்பாள்.

அப்பாவைக் கேட்டால் ஒரே பதில்தான். கல்லு இருக்குது, கயிறு கட்டுறோம்.

அந்தக் கயிறுதான் விஷயம். புடவையில் நீளவாக்கில் ஓடுகிற இழைகளுக்குப் பாவு என்று பெயர். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் அதைத் தெருவில் ஏழெட்டு வீட்டு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, அறுந்த இழையை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். ஒரு முனைக்கு இரும்பு முளை. மறுமுனைக்குத் துரைக்கல். யார் வீட்டுப் பாவானாலும் கல்லில் கயிறு போடுகிறவர் எங்கள் அப்பா. இழுப்பு ஒரு விரல் கூடினால் பட்டு அறும், குறைந்தால் தொய்யும். அவர் கைக்குத்தான் அந்தக் கணக்கு தெரியும் என்பார்கள். கல்லின் கழுத்தில் கயிறு உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு பள்ளம் விழுந்திருக்கும். தொட்டால் வெண்ணெய் போல இருக்கும். எழுத்து அதற்கு நாலு விரல் கீழே.

என் வேலை காவல். ரெண்டாம் கிளாஸோடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியதே அதற்குத்தான். கல்லண்டை நின்றுகொண்டு மாட்டை விரட்ட வேண்டும், நாயை விரட்ட வேண்டும், சைக்கிளில் வருகிறவரை இறங்கச் சொல்ல வேண்டும். நீட்டின பாவை யாரும் தாண்டமாட்டார்கள், பெரிய மனிதரானாலும் சுற்றித்தான் போவார். ஒரு கல்யாண ஊர்வலம் மேளத்தோடு வந்து, என் கைக்கு நின்றது. மாப்பிள்ளையை நிறுத்தினவள் நான். அந்தப் பெருமை இன்றைக்கும் போகவில்லை.

அந்த வருஷம் தெருவின் அந்தக் கோடியில் ஒருவர் அரிசி மில் வைத்தார். முசரவாக்கம் பக்கத்திலிருந்து நெல் லாரி வரும். பெரிய ரோட்டைச் சுற்றிவந்தால் நேரம் ஆகிறதாம். எங்கள் தெரு வழியாக விடிகாலையில் விட வேண்டுமாம். முனையில் துரைக்கல் இருந்ததால் லாரி திரும்ப முடியவில்லை. மில்காரர் முனிசிபாலிட்டிக்கு எழுதிப் போட்டார். ஒரு புதன்கிழமை ஓவர்சியர் வந்து கல்லைச் சுற்றிப் பார்த்தார், முழம் போட்டார், தாரைத் தொட்டு அதன் முதுகில் பெரிய பெருக்கல் குறி போட்டார். திங்கட்கிழமை பிடுங்க ஆள் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பாவும் நாலு பேரும் ஆபீசுக்குப் போனார்கள். கல் போனால் லாரி வரும், லாரி வந்தால் பாவு நீட்ட இடமில்லை, பாவு இல்லாவிட்டால் தறி எதற்கு என்று சொன்னார்களாம். தெருவில் உங்களுக்கு உரிமை இருக்கிறது என்று எழுத்தில் ஏதாவது காட்டுங்கள் என்றார்களாம் அங்கே. அப்பா திரும்பி வந்து தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். தறியைத் தொடவில்லை. பட்டப்பகலில் அவர் தறி சத்தம் போடாமல் இருந்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் ஊரில் கல்லைப் பிடுங்கலாம், சாமியைப் பிடுங்க முடியாது. அரசமரத்தடியில் நேற்று வெறும் கல்லாகக் கிடந்தது இன்றைக்கு மஞ்சள் பூசினால் அம்மன். அதற்குப் பிறகு எந்த ஓவர்சியர் தொடுவார்? ஆனால் ஒரு சிக்கல். இங்கிலீஷ் எழுத்து உள்ள அம்மனை யார் நம்புவார்கள்? முதலில் எழுத்து போக வேண்டும்.

எழுத்தை அழிப்பது தப்பு என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்போது ஊரெல்லாம் அதுதானே நடந்தது. ரயில்வே ஸ்டேஷன் போர்டில் இந்தி எழுத்தைத் தார் பூசி அழித்துவிட்டு வந்த சித்தப்பாவுக்கு அத்தை ஆரத்தி எடுக்காத குறை. கையில் ஒட்டின தாரை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துவிட்டவளே நான்தான். வேண்டாத எழுத்தை அழிக்கலாம் என்றுதான் புரிந்துகொண்டிருந்தேன்.

அழிக்கிற வித்தையும் தெரியும். எங்கள் தெருவுக்கு அம்மி கொத்துகிற பெண்பிள்ளை ஒருத்தி வருவாள். உளியை வைத்துத் தட்டித் தட்டி வழவழத்த அம்மியைச் சொரசொரப்பாக்குவாள். நான் பாவு முளை இரும்பையும் ஒரு கல்லையும் எடுத்துக்கொண்டேன். மத்தியானம் எல்லா வீட்டிலும் தறி ஓடும். முனைவீட்டுத் தறி 'டக்' என்னும்போது நானும் 'டக்' என்று ஒரு தட்டு. தறி நின்றால் நானும் நிற்பேன். யாருக்கும் கேட்கவில்லை. வியாழன், வெள்ளி, சனி என்று மூன்று மத்தியானம். உள்ளங்கை கொப்பளித்ததுதான் மிச்சம். மேல் வரி ஒன்றுதான் அம்மி மாதிரிப் புள்ளி புள்ளியாகக் கரைந்தது. மிச்சம் இரண்டு வரியை மஞ்சள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் அப்பா கயிறு போட வந்தவர் கல்லண்டை கொஞ்சம் அதிக நேரம் நின்றார். கண்ணை இடுக்கிப் பார்ப்பது போலத் தெரிந்தது. அப்புறம் முளை இரும்பை எடுத்துப் பார்த்தார். அதன் கூர் மழுங்கியிருந்தது. அதைத் தரையில் தேய்த்துக் கூராக்கினார். கவனிக்கவில்லை, தப்பித்தேன் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலையில் பயம் வேறு ரூபத்தில் வந்தது. மூக்குக்கண்ணாடி, ஜோல்னாப் பை, கையில் நோட்டு. மெட்ராஸ்காரர். திருப்பருத்திக்குன்றத்து ஜைனக் கோயிலைப் பார்க்க வந்தவர், அப்படியே ஊரில் வெள்ளைக்காரன் காலத்துக் கிணறு, கல்லறை, பழைய கட்டடம் எல்லாவற்றையும் பார்த்து எழுதிக்கொண்டு திரிகிறார் என்று பிறகு தெரிந்தது. எனக்கு அப்போது நோட்டு வைத்திருந்தால் போலீஸ்.

"ஏம்மா, எழுத்து வெட்டின கல்லு ஒண்ணு இங்க இருக்குதாமே?" என்று கேட்டார்.

கல்லில் முதுகைச் சாய்த்துக்கொண்டே, "இல்ல சார்," என்றேன்.

என்னைப் பார்த்தார். என் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்த கல்லைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே போய்விட்டார். போனவர் சும்மா போகவில்லை, டீக்கடையில் சித்தப்பாவிடம் மாட்டிக்கொண்டார். சித்தப்பா துரையைச் சாக்கடையில் தள்ளிக் காட்டினாராம். அவரும் அதை ஒரு வரி விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டாராம். இன்றைக்கு அது எந்தப் புத்தகத்தில் சரித்திரமாகக் கிடக்கிறதோ.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அத்தை தூங்குகிற சமயம், மஞ்சளைக் குழைத்துக் கல்லில் அப்பினேன். தார்க்குறியின் மேல் இரண்டு பூச்சு. குங்குமம் வைத்தேன். அத்தையின் பெட்டியிலிருந்த சிவப்பு ரவிக்கைத் துண்டைக் கட்டினேன். திரும்பிப் பார்த்தால் எனக்கே கும்பிட வேண்டும் போல இருந்தது. சாயங்காலத்துக்குள் நாலு விளக்கு. ஒருத்தி கோழிமுட்டை வைத்தாள். தானாக மஞ்சள் பூத்தது என்று ஒரு கிழவி சொல்ல, அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ரவிக்கைத் துணியைப் பார்த்து, நம்மகிட்டகூட இதே மாதிரி ஒண்ணு இருக்குதே என்றாள். எனக்கு ஒருபக்கம் அம்மன் பயம், ஒருபக்கம் போலீஸ் பயம், நடுவில் அத்தை பயம்.

திங்கட்கிழமை காலை ஓவர்சியர் இரண்டு ஆளோடும் கடப்பாரையோடும் வந்தார். அன்றைக்கும் பாவு நீட்டியிருந்தது. எங்கள் வீட்டுப் பாவு. கல்லில் கயிறு இருந்தது. தெருவே வாசலில் நின்றது. கடப்பாரைக்காரர்கள் மஞ்சளைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார்கள். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. ஓவர்சியர் லேசுப்பட்டவர் இல்லை.

"புதங்கெழம வரைக்கும் கயிறு கட்டுன கல்லு. இன்னிக்கு அம்மனா? நாளைக்கு இன்னா, கும்பாபிஷேகமா?" என்றார்.

நாலு பேர் சிரித்துவிட்டார்கள், எங்கள் தெருக்காரர்களே. அத்தைக்கு முகம் சுருங்கிவிட்டது. கடப்பாரையை நானே போடறேன் என்று ஓவர்சியர் கைநீட்டினார். அந்த நேரத்தில் பார்த்து, நோட்டுக்காரர் வேகமாக வந்து சேர்ந்தார். சித்தப்பா அவர் பின்னால்.

ஒரு நிமிஷம், எழுத்தைப் படித்துவிட்டுப் பிடுங்குங்கள் என்றார் மெட்ராஸ்காரர். கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்றார். மஞ்சளைக் கழுவ அத்தை விடவில்லை. அப்பா உள்ளே போய், தானே ஒரு குடம் கொண்டுவந்தார். அம்மன் மேல ஊத்தினா அபிஷேகந்தான்கா என்று அத்தையிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு ஊற்றினார். மஞ்சள் வழிந்து என் கால்விரல் வரைக்கும் ஓடி வந்தது. என்னைக் காட்டிக்கொடுக்க வருகிறது என்றே நினைத்தேன்.

மெட்ராஸ்காரர் முட்டிபோட்டு உட்கார்ந்து, விரலால் தடவித் தடவி இரண்டாம் வரியையும் மூன்றாம் வரியையும் படித்தார். பிறகு தமிழில் சொன்னார். "மணி வரைக்கும் வண்டி எதுவும் இந்த நெசவுத் தெருவுக்குள்ள வரக்கூடாது. கலெக்டர் உத்தரவு."

எழுத்தில் காட்டு என்றார்களே, அந்த எழுத்து இத்தனை காலமும் கயிற்றுக்குக் கீழேயே நின்றிருக்கிறது. இது எனக்குக்கூடப் புரிந்தது. புரிந்த அதே நொடியில் இன்னொன்றும் புரிந்தது. அந்த எழுத்தில் ஒரு வரியைக் கொத்தித் தீர்த்தவள் நான்.

ஓவர்சியர் குனிந்து பார்த்தார். எந்த மணி வரைக்கும் என்று கேட்டார். அது மேல் வரியில் இருந்திருக்க வேண்டும் என்றார் மெட்ராஸ்காரர். மேல் வரி எங்கே என்றார் ஓவர்சியர்.

"மணி இல்லாத ஆர்டரு இன்னா ஆர்டரு? இத்த யாரோ அழிச்சிருக்கறாங்க. சர்க்கார் கல்லுல கை வெச்சா கேசு, தெரியுமில்ல?"

உள்ளங்கைக் கொப்பளத்தைப் பாவாடையில் மறைத்துக்கொண்டேன். நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். சத்தம்தான் வரவில்லை.

அப்பா என் முன்னால் வந்து நின்றார். "கவுறு தேச்சது சார்," என்றார். "எங்க தாத்தா கட்டுனாரு, எங்கப்பா கட்டுனாரு, நான் கட்டிக்கினு இருக்கறேன். கல்லு தேயாம இன்னா செய்யும்?"

ஓவர்சியர் நம்பாமல் மெட்ராஸ்காரரைப் பார்த்தார். அவர் மறுபடியும் அந்த இடத்தில் விரலை வைத்தார். மெதுவாகத் தடவினார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பாவுக்குப் பின்னால் மஞ்சள் காலோடு நின்ற என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"கயிறுதான்," என்றார். "கருங்கல்லுல எழுத்து அழியற அளவுக்குக் கயிறு கட்டியிருக்காங்கன்னா, எத்தனை தலைமுறையா இந்தத் தெரு இவங்க கையில இருந்திருக்கணும்? இதுக்கு மேல இன்னா சார் எழுத்து வேணும்?"

ஓவர்சியர் தலையைச் சொறிந்தார். கடப்பாரைக்காரர்கள் செருப்பை மாட்டிக்கொண்டார்கள். மெட்ராஸ்காரர் அங்கேயே உட்கார்ந்து இங்கிலீஷில் ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தார். அப்புறம் ஆபீசில் மணிக்குத்தான் பேரம். சித்தப்பா, துரை சொன்னது பத்து மணி, எங்கப்பா படிச்சிருக்காரு என்று புளுகினார். அத்தை உச்சிவேளை என்றாள். லாரி திரும்பாவிட்டால் மாட்டுவண்டியாவது விட வேண்டும் என்று மில்காரர் ஆறு என்றார். கடைசியில் எட்டரை என்று முடிந்தது. எந்தத் துரையாவது எட்டரை என்று கல்லில் வெட்டுவானா? ஆனாலும் இன்றுவரை எட்டரைதான். கல்லும் அங்கேயேதான் நிற்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் யாராவது மஞ்சள் பூசுகிறார்கள்.

எனக்கு அன்றைக்குத்தான் சோறு இறங்கியது. அப்பாவை நினைத்தால் பாவமாகக்கூட இருந்தது. பெற்ற மகள் மூன்று நாள் கொத்தியிருக்கிறாள், அவர் கயிறு என்று நம்புகிறார். அவ்வளவு படித்த மெட்ராஸ்காரரும் ஏமாந்துவிட்டாரே. இவர்களைவிட நான் கெட்டிக்காரி என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவுக்குப் போனேன். அங்கே பாவுக்குக் கல் இல்லை, கருங்கல் தூண். அதில் கயிறு உட்கார்ந்த இடத்தை ஒருநாள் சும்மா தடவினேன். வழவழ என்றிருந்தது. கயிறு தேய்த்தால் கல் வெண்ணெயாகும். அம்மி மாதிரிப் புள்ளி புள்ளியாக ஆகாது. இதைக் குருடனும் விரலால் சொல்லிவிடுவான். இழுப்பில் ஒரு விரல் கூடக் குறையக் கண்டுபிடிக்கிற கை அப்பாவுடையது.

அதற்கப்புறம்தான் இன்னொன்று ஞாபகம் வந்தது. அந்தத் திங்கட்கிழமைக்கு மறுநாளிலிருந்து அப்பா கயிற்றைக் கழுத்துப் பள்ளத்தில் போடவில்லை. நாலு விரல் கீழே, நான் கொத்தின இடத்தின்மேலேயே போட்டார். அது பழகாத இடம். கயிறு நழுவும். இன்னும் குனிந்து, இரண்டு சுற்று அதிகமாகச் சுற்ற வேண்டும். யார் கேட்டாலும் அங்கேயே போட்டார், கை ஓய்கிற வரைக்கும். இப்போது போய்த் தடவினால் அங்கே ஒரு புள்ளிகூட அகப்படாது.

அப்போது எனக்கு என்ன தெரியும்? அப்பா ஏன் இப்படிக் குனிந்து கட்டுகிறார், முதுகு பிடித்துக்கொண்டதோ என்று நினைத்தேன். அத்தையிடம் சொல்லி வேப்பெண்ணெய் காய்ச்சச் சொல்லி, தினமும் அவர் முதுகில் அழுத்தி அழுத்தித் தேய்த்துவிட்டேன். அவரும் ஒன்றும் சொல்லாமல் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.